நட்டின் ஆறு மூலைகள்

இறுகிய நட்டில் ஸ்பேனர் வழுக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். கூடவே விரல் முட்டி என்ஜினில் போய் இடிக்கும். ரத்தத்தைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தால், நட்டின் மூலைகளில் ஒன்று லேசாக மழுங்கியிருப்பது தெரியும். மறுபடி போட்டுத் திருப்பினால் இன்னும் கொஞ்சம் மழுங்கும். மூன்றாம் முறைக்குள் ஆறு பட்டை நட்டு கிட்டத்தட்ட வட்டமாகிவிடும். ‘நட்டு ரவுண்ட் ஆயிடுச்சு’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். அதன் பிறகு உளி வைத்துத் தட்ட வேண்டும், அல்லது தலையில் இன்னொரு நட்டை வெல்டிங் வைத்துத் திருப்ப வேண்டும். சில ரூபாய் பெறும் ஒரு நட்டுக்காக அரை நாள் போய்விடும்.

சொந்த வண்டியைத் தானே பார்த்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் ஆசையை விட்டுவிடுகிறார்கள். தங்களுக்குக் கைப்பக்குவம் போதாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் குறை கையில் இருப்பதில்லை. கையில் பிடித்திருக்கும் இரும்பில் இருக்கிறது. அந்த இரும்பு நல்லதா, கெட்டதா என்பது நட்டின் அந்த மூலையில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது.

சென்னை திருவொற்றியூரில் 1950களின் நடுவிலிருந்து உருவான புல்லட் வண்டிகளை எடுத்துக்கொள்ளலாம். பழைய புல்லட்டின் பல நட்டுகள் மெட்ரிக் அளவில் இல்லை. ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1841இல் முன்வைத்த மரை முறையின் வழியில் வந்த அங்குல அளவுகள் அவை. அந்த முறையில் ஸ்பேனரின் மேல் பொறித்திருக்கும் எண், ஸ்பேனர் வாயின் அகலத்தைக் குறிக்காது. போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கும். ‘கால் அங்குல விட்வொர்த்’ ஸ்பேனரின் வாய் உண்மையில் 0.525 அங்குலம், அதாவது 13.3 மில்லிமீட்டர். வீட்டில் இருக்கும் 13ஆம் நம்பர் ஸ்பேனர் அந்த நட்டில் நுழையாது. 14 நுழைந்துவிடும். நுழைந்துவிட்டதே என்று திருப்பினால் வருகிறது வினை.

ஏன் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 13.3 மி.மீ. நட்டை 14 மி.மீ. வாய் கவ்வும்போது, ஸ்பேனர் சுமார் 6 டிகிரி வெறுமனே சுழன்ற பிறகுதான் நட்டைத் தொடும். தொடுவதும் பட்டையில் அல்ல, எதிரெதிரான இரண்டு மூலைகளின் நுனியில். 20 செ.மீ. நீள ஸ்பேனரின் கடைசியில் 25 கிலோ விசையில் இழுத்தால் சுமார் 49 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கிடைக்கும். இவ்வளவும் அந்த இரண்டு நுனிகளில் போய் விழும்போது, ஒவ்வொரு நுனியிலும் ஏறத்தாழ 800 கிலோ எடையை ஏற்றி வைத்ததற்குச் சமம். சரியான அளவு ஸ்பேனர் என்றால் வெற்றுச் சுழற்சி ஒரு டிகிரியைச் சுற்றியே இருக்கும். வாயின் முகமும் நட்டின் பட்டையும் ஏறக்குறைய ஒட்டியே நிற்பதால், நுனி கொஞ்சம் நசுங்கியதும் சுமை பட்டையில் பரவிவிடுகிறது. விசை பெரிதாக மாறுவதில்லை. அதைத் தாங்கும் பரப்புதான் மாறுகிறது.

ரிங் ஸ்பேனரை மெக்கானிக்குகள் முதலில் தேடி எடுப்பதன் காரணமும் இதுவே. திறந்த வாய் ஸ்பேனர் இரண்டு மூலைகளைப் பிடிக்கிறது. ரிங் ஆறு மூலைகளையும் பிடிக்கிறது. அதே இழுப்புக்கு ஒவ்வொரு மூலைக்கும் மூன்றில் ஒரு பங்கு சுமைதான். துருப்பிடித்த நட்டு என்றால் முதல் அடி ரிங்கில் இருக்க வேண்டும். இளகிய பிறகு திறந்த வாய் ஸ்பேனரால் வேகமாகக் கழற்றிக்கொள்ளலாம்.

அளவுப் பொருத்தம் என்பது பழைய புல்லட்டோடு முடிந்துபோன சங்கதி இல்லை. இன்று சாலையில் ஓடும் வண்டிகளிலும் இரண்டு மரபுகள் கலந்தே கிடக்கின்றன. 8 மி.மீ. தடிமனுள்ள போல்ட்டின் தலை ஜப்பானிய வழி வண்டிகளில் பெரும்பாலும் 12ஆம் நம்பர். ஐரோப்பிய வழியில் 13. 10 மி.மீ. போல்ட்டுக்கு ஜப்பானில் 14, ஜெர்மனியின் பழைய முறையில் 17, பின்னால் வந்த சர்வதேசத் தரநிலையில் 16. ஹோண்டா, யமஹா, சுசுகி வைத்திருப்பவருக்கு 8, 10, 12, 14, 17 என்ற வரிசைதான் திரும்பத் திரும்பக் கைக்கு வரும். வெஸ்பா வழியில் வந்த பழைய பஜாஜ் சேத்தக் வைத்திருப்பவருக்கு 11ம் 13ம் இல்லாமல் வேலை ஓடாது. நாற்பது உருப்படிகள் கொண்ட பெட்டியைக் கடைக்காரர் திறந்து காட்டும்போது, அதில் எத்தனை தன் வண்டிக்கு உதவும் என்று வாங்குகிறவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஸ்க்ரூவின் கதை இன்னும் வருத்தமானது. 1985இல் இந்தியாவில் அறிமுகமான யமஹா ஆர்எக்ஸ் 100ஐ இன்றும் போற்றிப் பாதுகாப்பவர்கள் ஏராளம். அந்தத் தலைமுறை ஜப்பானிய வண்டிகளின் என்ஜின் மூடிகளில் கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூக்கள் இருக்கும். பார்த்தால் சாதாரண ‘ஸ்டார்’ ஸ்க்ரூ. ஆனால் 1930களில் அமெரிக்கர் ஹென்றி பிலிப்ஸ் பரப்பிய பள்ளம் வேறு. ஜப்பானியத் தரநிலையில் வெட்டிய பள்ளம் வேறு. பிலிப்ஸ் முனையின் சரிவும் வளைவும் ஜப்பானியப் பள்ளத்தின் அடிவரை இறங்க விடாது. முனை மேலேயே நின்று, விசை கூடியதும் ஏறிக் குதித்து, பள்ளத்தை வழித்துக்கொண்டு வெளியே வரும். ‘இந்த வண்டி ஸ்க்ரூவே இப்படித்தான், மெத்து மெத்துன்னு இருக்கும்’ என்று ஸ்க்ரூ மேல் பழி விழுகிறது. ஜப்பானியப் பள்ளம் உள்ள தலைகள் பலவற்றில் கூட்டல் குறிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதைக் கண்டால் அதற்கேற்ற ஸ்க்ரூ டிரைவரைத்தான் எடுக்க வேண்டும். ஒசாகா நகரத்தில் 1916இல் தொடங்கிய வெஸ்ஸல் போன்ற நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. பழைய ஜப்பானிய பைக் வைத்திருப்பவர் வாங்கும் கருவிகளில் இதைவிடப் பயன் தரும் இன்னொன்றைச் சொல்வது கடினம்.

அளவு சரி. அடுத்தது உலோகம்.

ஸ்பேனர் நட்டைவிடக் கடினமாக இருக்க வேண்டும். ஆனால் ஒடியும் அளவுக்குக் கடினமாக இருக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய சந்தில்தான் கருவி செய்பவரின் திறமை இருக்கிறது. உலோகத்தின் கடினத்தை அளக்க ராக்வெல் ‘சி’ என்றொரு அளவுகோல் உண்டு. வண்டிகளில் பரவலாக இருக்கும் 8.8 ரக போல்ட் அதில் 22 முதல் 32 வரை காட்டும். மிக உறுதியான 12.9 ரகம் 39 முதல் 44 வரை. நல்ல ஸ்பேனர்கள் 40ஐத் தாண்டி 48 வரையிலான இடத்தில் நிற்கின்றன. கம்பி வெட்டும் பிளையரின் விளிம்பு 60ஐ எட்டும். அதே 60 கடினத்தில் ஒரு ஸ்பேனரைச் செய்தால், ஓங்கி ஒரு இழுப்பு இழுத்ததும் சில்லாகத் தெறித்து ஆளைக் காயப்படுத்திவிடும். மலிவான ஸ்பேனர் எதிர்ப்பக்கம் தவறுகிறது: மென்மையாக இருக்கிறது. அதன் வாய் ஒவ்வொரு இழுப்பிலும் மயிரிழை மயிரிழையாக விரிகிறது. 13ஆம் நம்பர் என்று பொறித்த ஸ்பேனர் ஒரு வருடத்தில் 13.5 ஆகிவிட்டால், திருவொற்றியூர் புல்லட்டில் பார்த்த அதே கணக்கு இங்கேயும் வந்து நிற்கும்.

இந்தக் குறுகிய இடத்தைக் கண்டுபிடிப்பது கொல்லர்களுக்குப் பழைய வித்தை. திருப்பாச்சி அரிவாளுக்கு அடித்து முடித்த பின் தோய்ச்சல் போடுவதும் அதே இயற்பியல்தான். செக்கச் சிவந்த எஃகைச் சட்டென்று குளிர்வித்தால் அதனுள்ளிருக்கும் கரி வெளியேற நேரமில்லாமல் இரும்பின் படிகத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. படிகம் விறைத்து, எஃகு கடினமாகிறது. கூடவே உடையும் குணமும் வந்துவிடுகிறது. பிறகு மிதமாகச் சூடாக்கிப் பதமிட்டால் அந்த விறைப்பு கொஞ்சம் தளர்கிறது. தொழிற்சாலையில் எண்ணெய்த் தொட்டியும் வெப்பமானியும் வைத்து ஆயிரக்கணக்கில் இதைச் செய்கிறார்கள். மலிவுக் கருவியில் முதலில் குறுக்கப்படுவது இந்தப் பதமிடும் நேரம்தான். கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால் கடையில் யாரும் கேட்கப் போவதில்லை.

ஸ்பேனரின் கைப்பிடியில் ‘குரோம் வனேடியம்’ என்று பொறித்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். வனேடியம் ஒரு தனிமம். 1801இல் மெக்சிகோவில் ஆந்த்ரேஸ் மானுவேல் தெல் ரியோ கண்டறிந்தார். பிறகு அது புதிய தனிமம் இல்லை என்று மற்றவர்கள் சொன்னதை அவரே நம்பி விட்டுவிட்டார். 1830இல் சுவீடனின் நில்ஸ் செஃப்ஸ்ட்ரோம் அதை மீண்டும் கண்டறிந்து, வனாதிஸ் என்ற வட ஐரோப்பியப் பெண் தெய்வத்தின் பெயரை வைத்தார். 1908இல் வெளிவந்த ஃபோர்டின் மாடல் டி கார், வனேடியம் எஃகைப் பெரிய அளவில் பயன்படுத்தி அதை உலகறியச் செய்தது. எஃகில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு வனேடியம் சேர்ந்தாலே போதும். நுண்ணிய கார்பைடு துகள்களாக ஆங்காங்கே நின்று, சூட்டின்போது எஃகின் படிக மணிகள் பெருத்துவிடாமல் தடுக்கும். மணி நுணுக்கமாக இருந்தால் எஃகு வலுவாகவும் இருக்கும், எளிதில் விரிசலும் விடாது. குரோமியத்தின் பங்கு, தோய்ச்சல் போடும்போது கடினம் மேல்தோலோடு நிற்காமல் உள்வரை இறங்க உதவுவது.

ஆனால் எழுத்துப் பொறிக்க ஒரு அச்சுக்கட்டை போதும். உள்ளே என்ன எஃகு, எப்படிப் பதமிட்டார்கள் என்பதற்கு அந்த எழுத்து சாட்சி ஆகாது. பளபளப்பும் சாட்சி ஆகாது. ஸ்பேனர் மேலுள்ள குரோமியப் பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரானைவிட மெல்லியது. துருவைத் தடுப்பதில் அதற்கு அடியிலுள்ள நிக்கல் படலத்துக்கே பெரிய பங்கு. அந்தப் படலம் சரியாகப் பிடிக்காவிட்டால் சில மாதங்களில் செதில் செதிலாக உரியும். உரிந்த குரோமிய விளிம்பு பிளேடு மாதிரி விரலை அறுக்கும்.

அப்படியானால் கடையில் எதைப் பார்ப்பது? ஸ்பேனர் வாயின் உள்முகத்தைப் பார்க்க வேண்டும். விளம்பரத்துக்காக மினுக்குவது வெளிப்பக்கம். வேலை நடப்பது உள்ளே. இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக, சுத்தமாகக் கடைந்திருக்க வேண்டும். அங்கே பூச்சுத் திரளோ, அலையலையான வெட்டோ இருந்தால் கீழே வைத்துவிடலாம். கையோடு ஒரு புது நட்டை எடுத்துப்போய்ப் போட்டு ஆட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. சிறிய அளவுகளில் இடைவெளி சுமார் கால் மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நட்டு கடகடவென்று ஆடினால் அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

வடிவத்திலிருந்தும் ஒன்று தெரியும். நல்ல ஸ்பேனர்களை ட்ராப் ஃபோர்ஜிங் முறையில் செய்கிறார்கள். 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சிய எஃகுத் துண்டை அச்சுக்குள் வைத்துப் பெரிய சுத்தியல் அடிக்கும்போது, உலோகத்தின் இழைகள் ஸ்பேனரின் வளைவோடு சேர்ந்தே வளைகின்றன. மரக்கிளை இயல்பாகக் கவடு பிரியும் இடத்தில் இழை அறுபடாமல் வளைந்து போகுமே, அதுபோல. தகட்டிலிருந்து வெட்டி எடுத்த ஸ்பேனரில் இழை நேராகவே போய், வாயின் கழுத்தில் அறுந்து நிற்கும். முதலில் விரிசல் விடும் இடம் அதுதான். வண்டி வாங்கும்போது சீட்டுக்கடியில் தரும் தகட்டு ஸ்பேனர்கள் வழியில் ஒருமுறை ஆபத்துக்கு உதவும். வீட்டு வேலைக்கு அவற்றை நம்புவது சரியில்லை.

பிளையரைச் சோதிப்பது எளிது. வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெட்டும் விளிம்புகளுக்கு நடுவே ஒளி கசியக் கூடாது. கைப்பிடிகளைப் பக்கவாட்டில் அசைத்தால் கீல் ஆடக் கூடாது. திறந்து மூடும்போது தடங்கல் இல்லாமல் ஒரே சீராக நகர வேண்டும்.

சாக்கெட்டுக்கு வருவோம். ஒரே கைப்பிடியில் பல சாக்கெட்டுகளை மாற்றி மாற்றிப் போடலாம் என்ற யோசனையை வைத்துத்தான் 1920இல் ஜோசப் ஜான்சன் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஸ்னாப்-ஆன் நிறுவனத்தைத் தொடங்கினார். ஐந்து கைப்பிடி, பத்து சாக்கெட், ஐம்பது ஸ்பேனரின் வேலை. சாக்கெட்டின் உள்ளே ஆறு மூலை வெட்டும் உண்டு, பன்னிரண்டு மூலை வெட்டும் உண்டு. பன்னிரண்டு, இடுக்கில் எளிதாகப் பொருந்தும். ஆறு, நட்டின் பட்டையில் அதிகப் பரப்பைப் பிடிக்கும். வீட்டில் வைத்துக்கொள்ள ஒன்றுதான் வாங்குவேன் என்பவர் ஆறு மூலை வாங்குவதே நல்லது. நமது மழைக்கும் உப்புக் காற்றுக்கும் துருவேறாத நட்டு குறைவு. இன்னும் தேர்ந்த சாக்கெட்டுகளில் உள் மூலைகளை லேசாகக் குழிவாக்கி, நட்டின் மூலையைத் தொடாமல் அதற்குச் சற்று உள்ளே, பட்டையிலேயே அழுத்தும்படி செய்திருப்பார்கள். கொஞ்சம் மழுங்கிய நட்டைக்கூட அது பிடித்துவிடும்.

சாக்கெட்டைத் திருப்பும் ராட்செட் கைப்பிடியின் பற்களை எண்ணிப் பார்க்கலாம். 72 பல் என்றால் 5 டிகிரிக்கு ஒரு கிளிக். 24 பல் என்றால் 15 டிகிரி. இடுக்கில் கையை நகர்த்த இடமில்லாதபோது இந்த வித்தியாசம் பெரியது. ஆனாலும் நுண்பல் ராட்செட்டால் இறுகிய சக்கர நட்டை இளக்க முயலக் கூடாது. அதற்குப் பல்லே இல்லாத நீளக் கைப்பிடி இருக்கிறது. பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியோடு பார்க்கும் கறுப்பு சாக்கெட்டுகள் வேறு ஜாதி. அவை பெரும்பாலும் குரோம் மாலிப்டினம் எஃகு. அடியைத் தாங்கும்படி சற்று மென்மையாகவும் தடித்த சுவரோடும் செய்தவை. பளபளக்கும் சாதாரண சாக்கெட்டை அந்தத் துப்பாக்கியில் மாட்டினால் வெடித்துச் சிதறக்கூடும். கண்ணுக்கு ஆபத்து.

இவ்வளவும் கழற்றுவதற்கு. இறுக்குவது தனிக் கலை.

போல்ட் உண்மையில் ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது அது மிக மிகச் சிறிதளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும் அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. நாம் செலுத்தும் விசையில் ஏறத்தாழப் பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்விலும், நூற்றுக்கு நாற்பது பங்கு மரைகளின் உராய்விலும் போய்விடும். மிஞ்சும் பத்துப் பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. மரையில் எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, அதே இழுப்பில் போல்ட் எக்கச்சக்கமாக நீண்டுவிடும். கை அனுபவத்தை மட்டும் நம்பினால் இந்த வித்தியாசம் பிடிபடாது.

என்ஜின் மூடியின் 10ஆம் நம்பர் தலை போல்ட் 6 மி.மீ. தடிமனுள்ளது. அதற்கு உரிய இறுக்கம் சுமார் 10 நியூட்டன் மீட்டர். 13 செ.மீ. ஸ்பேனரில் 8 கிலோ இழுப்பே அதற்குப் போதும். 20 கிலோவில் இழுத்தால் இரண்டரை மடங்கு. அந்த போல்ட் இறங்கியிருப்பது அலுமினியத்தில். எஃகுக்கு முன்னால் அலுமினிய மரை நிற்காது, வழித்துக்கொண்டு வந்துவிடும். சிறிய நம்பர் ஸ்பேனர்களைக் குட்டையாகச் செய்வதே கை அளவு மீறாமல் இருக்கத்தான். அதில் குழாயை மாட்டி நீட்டுகிறவர் அந்தப் பாதுகாப்பைத் தானே கெடுக்கிறார்.

அதனால்தான், வீட்டில் வேலை பார்ப்பவர் மற்றதில் சிக்கனம் பிடித்தாவது ஒரு நல்ல டார்க் ரெஞ்ச் வாங்க வேண்டும். குறித்த விசை வந்ததும் ‘கிளிக்’ என்று சொல்லிவிடும். ஐஎஸ்ஓ 6789 தரநிலைப்படி பெரிய அளவுகளில் பிழை கூட்டியோ குறைத்தோ 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அளவுத்திருத்தச் சான்றோடு வந்தால் நல்லது. 5,000 முறை பயன்படுத்திய பிறகோ ஓராண்டிலோ மறுபடி சோதிக்க வேண்டும். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்ச எண்ணுக்கு இறக்கி வைக்காவிட்டால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் களைத்துப்போகும். எந்தக் காரணத்துக்காகவும் அதை வைத்து நட்டைக் கழற்றக் கூடாது. எந்த போல்ட்டுக்கு எவ்வளவு என்பது வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். ஊகிக்க வேண்டியதே இல்லை.

எந்தப் பெயரை வாங்குவது என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. ஜெர்மனியின் ரெம்ஷைட், வுப்பர்டால் நகரங்களில் ஓடைநீரால் இயங்கிய சுத்தியல் பட்டறைகளின் மரபில் வந்த ஹாசெட், கெடோர், நிபெக்ஸ் போன்றவை தலைமுறை தாண்டி உழைப்பவை, விலையும் அப்படி. நாள் முழுக்கக் கருவியோடு வாழும் தொழிலாளிக்கு அந்த விலை நியாயம். மாதம் ஒருமுறை செயினை இறுக்கி, ஆயில் மாற்றுகிறவருக்கு இந்தியக் கருவிகளே போதும். நாசிக்கின் தபாரியா 1969 முதல் கைக்கருவி செய்கிறது. பஞ்சாபின் ஜலந்தரும் லூதியானாவும் உலக நாடுகளுக்கு ஸ்பேனர் ஏற்றுமதி செய்யும் ஊர்கள். திறந்த வாய் ஸ்பேனருக்கு ஐஎஸ் 2028, ரிங் ஸ்பேனருக்கு ஐஎஸ் 2029 என்று இந்தியத் தரநிலைகளும் உண்டு. பெயர் பெற்றவற்றுக்குப் போலிகளும் வருவதால், பில் தரும் கடையில் வாங்குவதே பாதுகாப்பு. மிச்சமாகும் பணத்தை டார்க் ரெஞ்சுக்கும் ஜாக் ஸ்டாண்டுக்கும் ஒதுக்கலாம். ஜாக் மட்டும் தாங்கி நிற்கும் காரின் அடியில் யாரும் ஒரு நிமிடம்கூடப் படுக்கக் கூடாது.

பேட்டரி பக்கம் ஸ்பேனர் போகும்போதும் கவனம் வேண்டும். 12 வோல்ட் ஆளைக் கொல்லாது. ஆனால் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்த ஸ்பேனர் வழியே நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, அது பழுக்கக் காய்ந்துவிடும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மின்சார வண்டிகளின் ஆரஞ்சு நிறக் கேபிள்களை வீட்டுக் கருவியோடு நெருங்கவே வேண்டாம்.

கருவிகள் வாங்கியாயிற்று என்றால், பழைய பெட்டியை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்பேனரின் வாயிலும் புது நட்டைப் போட்டு ஆட்டுங்கள். நல்லதைத் துடைத்து லேசாக எண்ணெய் தடவி வையுங்கள். வாய் விரிந்ததை, ‘எதற்காவது உதவும்’ என்று திரும்ப உள்ளே போடாதீர்கள். அவசரத்தில் கை முதலில் அதைத்தான் எடுக்கும். அக்கம்பக்கத்தில் யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுங்கள்.